உங்களுக்குத் தெரியுமா? குளிருக்கு ஏற்ற உடை, கைக்கு அடங்கும் விலை

● உடை பொதுவாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. சூடு நம் உடம்பிலிருந்து வருகிறது. அதை வெளியே ஓடவிடாமல் பிடித்துவைப்பதுதான் உடையின் வேலை. அந்த வேலையையும் உண்மையில் செய்வது நூல் அல்ல, நூலிழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. அதனால் ஒரே ஒரு தடித்த ஸ்வெட்டருக்குப் பணத்தைக் கொட்டுவதைவிட, மெல்லியதாக இரண்டு வாங்கி ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுவது நல்லது. இரண்டுக்கும் நடுவிலும் ஒரு காற்றுப்படலம் கிடைக்கும். வெயில் ஏறியதும் ஒன்றைக் கழற்றிவிடலாம்.

கடையில் ஸ்வெட்டரைக் கையில் எடுத்தால் கனம் பார்க்காதீர்கள். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அழுத்திவிட்டு விடுங்கள். உடனே உப்பி எழுந்தால் அதில் காற்று தங்கும். அமுங்கினது அமுங்கினபடியே கிடந்தால், எவ்வளவு கனமாக இருந்தாலும் வேண்டாம்.

● உடையின் கதகதப்பை அளக்க ஓர் அலகு உண்டு. பெயர் ‘க்ளோ’. 1941-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் வகுத்தது. 21 டிகிரி செல்சியஸ் அறையில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு இதமாக இருக்க எவ்வளவு உடை தேவையோ அது 1 க்ளோ. ஏறத்தாழ ஒரு கோட்-சூட் உடைக்குச் சமம்.

● அசையாத காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். மலையேறப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. கொடைக்கானலிலோ மூணாறிலோ காலையில் மேடேறி நடந்தால் பருத்திப் பனியன் வியர்வையில் தோய்ந்துவிடும். நின்று இளைப்பாறும் நேரத்தில் அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சத் தொடங்கும். மேலே எவ்வளவு விலை உயர்ந்த ஜாக்கெட் இருந்தாலும் உள்ளே நடுக்கம் நிற்காது.

தீர்வு ரொம்ப மலிவானது. பனியனுக்குப் பதில் விளையாட்டுக்காரர்கள் போடும் பாலியஸ்டர் டி-ஷர்ட். பிளாட்பாரக் கடையில் வாங்கினாலும் போதும். அது தண்ணீரைக் குடித்துவைக்காது, சட்டென்று காய்ந்துவிடும்.

● ‘ஊல்’ என்று சொல்லி விற்கப்படும் மலிவு விலை ஸ்வெட்டர்களில் பெரும்பாலானவை அக்ரிலிக். அதாவது பெட்ரோலியத்திலிருந்து வரும் செயற்கை இழை. 1941-ல் அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனம் உருவாக்கியது. அதை வாங்குவதில் தவறே இல்லை. லேசானது, பூச்சி அரிக்காது, துவைக்கச் சுலபம். ஆனால் அக்ரிலிக்கைக் கம்பளி விலைக்கு வாங்கிவிடக் கூடாது.

கண்டுபிடிக்க ஒரு வழி: உள்பக்கத் தையலிலிருந்து விரல்நீள நூல் ஒன்றை இழுத்து, இடுக்கியில் பிடித்து, தீக்குச்சி காட்டுங்கள். கம்பளியாக இருந்தால் முடி கருகும் நாற்றம் வரும். தீயை எடுத்ததும் தானாக அணையும். விரலால் நசுக்கினால் சாம்பல் பொடியும். அக்ரிலிக் என்றால் குபுகுபுவென எரியும், உருகும், கடைசியில் கறுப்பாக ஒரு கெட்டி உருண்டை மிஞ்சும். இரண்டும் கலந்த நூலில் நாற்றமும் வரும், உருண்டையும் மிஞ்சும். இதே காரணத்தால் அக்ரிலிக் ஸ்வெட்டரோடு அடுப்படியில் நிற்காதீர்கள். கணப்புக்குப் பக்கத்தில் குழந்தைகளை உட்கார வைக்கும்போதும் இது நினைவிருக்கட்டும்.

● கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கினாலும் தொட்டால் நனைந்ததுபோல் தெரியாது. ஈரத்தை வாங்கும்போது கொஞ்சம் சூட்டையும் வெளியிடும். விலை கூடுதல் என்றாலும், காசைச் செலவழித்தே ஆக வேண்டும் என்றால் நான் முதலில் கம்பளிக் காலுறைக்குத்தான் செலவழிக்கச் சொல்வேன்.

● ஊட்டி தாவரவியல் பூங்காவுக்குப் பக்கத்தில் வரிசையாக இருக்கும் ஸ்வெட்டர் கடைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் திபெத்தியர்கள். 1959-ல் தலாய் லாமாவைத் தொடர்ந்து இந்தியாவுக்குள் அகதிகளாக வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். நிலமோ முதலோ இல்லாமல் வந்த ஒரு சமூகத்துக்கு இந்த வியாபாரம் சோறு போட்டது. இன்றும் ஐப்பசி, கார்த்திகை வந்தால் கர்நாடகத்தின் பைலகுப்பே போன்ற குடியிருப்புகளிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கிளம்பி நாட்டின் பல ஊர்களில் கடை போடுகிறார்கள். லோசார் என்னும் தங்கள் புத்தாண்டுக்குள் ஊர் திரும்பிவிடுவார்கள்.

சரக்கு பெரும்பாலும் பஞ்சாபின் லூதியானாவிலிருந்து வருகிறது. இதில் என்னை வியக்க வைப்பது அந்தக் கொடுக்கல் வாங்கல். லூதியானாவின் மொத்த வியாபாரிகள் சீசன் தொடக்கத்தில் கடனுக்குச் சரக்கு அனுப்புவார்கள். விற்று முடித்ததும் இவர்கள் பணத்தைக் கட்டுவார்கள். மொழியும் மதமும் வேறான இரண்டு சமூகங்களுக்கு நடுவே பல பத்தாண்டுகளாக இந்த நம்பிக்கை ஓடிக்கொண்டிருக்கிறது. நமக்குக் குறைந்த விலையில் ஸ்வெட்டர் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

டெல்லிக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிற பிள்ளைகள் கவனத்துக்கு: காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்துக்கு அருகே மோனாஸ்டரி மார்க்கெட் இருக்கிறது. அதுவும் திபெத்தியர் சந்தைதான். ஜாக்கெட், ஸ்வெட்டர், பூட்ஸ் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். இங்கேயே எல்லாவற்றையும் வாங்கிப் பெட்டியை நிரப்பிக்கொண்டு ரயிலேற வேண்டியதில்லை. ரயிலில் போர்த்திக்கொள்ள ஒன்று, இறங்கிய முதல் நாளுக்கு ஒன்று இருந்தால் போதும்.

● ஐரோப்பாவின் குளிருக்குத் தைக்கும் உடைகள் திருப்பூரில் தயாராகின்றன. ஏற்றுமதி ஆர்டரில் மிஞ்சினவை, நிறம் கொஞ்சம் மாறியதால் தள்ளுபடியானவை, ஒரு தையல் விலகியதால் கழித்துப் போட்டவை எல்லாம் அங்குள்ள காதர்பேட்டைச் சந்தைக்கு வந்து சேரும். ஹூடி, ஸ்வெட்ஷர்ட், உள்ளே பஞ்சுபோல் பிரஷ் செய்த டிராக் பேண்ட் ஆகியவை ஷோரூம் விலையில் ஒரு பகுதிக்கே கிடைக்கும்.

வாங்குகிறவர்கள் ‘ஜிஎஸ்எம்’ எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு சதுர மீட்டர் துணியின் எடை அது, கிராமில். டி-ஷர்ட் துணி 160, 180 இருக்கும். குளிருக்கு 280, 300 என்று கேட்டு வாங்க வேண்டும். பிறகு உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பிரஷ் செய்த துணியில் மெல்லிய ரோமம்போல் எழுந்து நிற்கும், அதில்தான் காற்று தங்கும். வெறும் வளையங்களாக இருந்தால் கதகதப்பு குறைவு. கழித்துப் போட்ட ‘செகண்ட்ஸ்’ எடுக்கும்போது கைமுனை ரிப், ஜிப், அக்குள் தையல் மூன்றையும் பார்த்துவிடுங்கள். மார்பில் ஒரு சின்னக் கறை இருந்தால் உள்ளே போடும் உடைக்கு அது ஒரு குறையே அல்ல.

● இலங்கையிலும் இதே கதைதான். ஏற்றுமதிக்காகத் தைத்த ஜாக்கெட்டுகளில் மிஞ்சினவை நுவரெலியாவின் பேல் பஜாரில் குவிந்திருக்கும். கொழும்பிலிருந்து குளிருக்குத் தயாராகாமல் வந்தவர்கள் முதலில் எட்டிப்பார்ப்பது அங்கேதான். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். மாலை ஆனால் குளிர் எலும்புக்குள் இறங்கும்.

அதே மலைகளில் கொழுந்து பறித்த நம் மக்களுக்கு வெள்ளைக்காரர் காலத்திலிருந்து கிடைத்ததெல்லாம் ஒரு கறுப்புக் கம்பளி. தலையிலிருந்து முதுகு மறையப் போட்டுக்கொண்டு, இடுப்பில் படங்கு என்னும் முரட்டுத் துணி கட்டி, மழையிலும் பனியிலும் நின்றார்கள். மழைக்கும் அதுதான், இரவில் பிள்ளைகளுக்குப் போர்வையும் அதுதான். தேயிலையின் வரலாறு எழுதுகிறவர்கள் இந்தக் கம்பளிக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்.

● கர்நாடகத்தின் சள்ளகெரே கம்பளிக்குப் பேர்போன ஊர். தக்காணத்து ஆடுகளின் கறுப்பு ரோமத்தைக் குறும்பர்கள் கையால் நூற்று, குழித்தறியில் நெய்கிறார்கள். நூலுக்குப் போடும் கஞ்சி புளியங்கொட்டையிலிருந்து எடுத்தது. அந்தக் கஞ்சியும் முரட்டு ரோமமும் சேர்ந்து, லேசான மழையை உள்ளே விடாது. முதலில் உடம்பில் குத்தும். பழகப் பழக மிருதுவாகும். ஒன்று வாங்கினால் ஒரு தலைமுறைக்கு வரும் என்பார்கள் மேய்ப்பர்கள்.

தமிழ்நாட்டிலும் ஆட்டு ரோம ஆராய்ச்சி நடக்கிறது. கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே வளர்வது பாரத் மெரினோ என்னும் ஆட்டினம். ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் நீலகிரி ஆட்டினத்தைக் காக்கிறார்கள்.

● ஃப்ளீஸ் துணி ஏன் இவ்வளவு மலிவு? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மால்டன் மில்ஸ் என்ற ஆலை 1979-ல் இதை உருவாக்கியது. உரிமையாளர் ஆரன் ஃபாயர்ஸ்டீன் இதற்குக் காப்புரிமை வாங்காமல் விட்டார். அதனால் உலகம் முழுவதும் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றானது. இன்று நம் ஊர்ச் சந்தையில் சில நூறு ரூபாய்க்கு ஃப்ளீஸ் ஜாக்கெட் தொங்குவதற்கு அதுவே அடிப்படை.

1995 டிசம்பரில் அந்த ஆலை தீக்கிரையானது. வேலையின்றி நின்ற தொழிலாளர்களுக்கு அவர் மாதக்கணக்கில் சம்பளம் கொடுத்தார். ஆலையையும் அதே ஊரில் திரும்பக் கட்டினார். பின்னால் கடன் சுமையில் நிறுவனம் திவாலானது உண்மை. ஆனாலும் அவர் செய்ததை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

● ஃப்ளீஸ் பாலியஸ்டர்தான். தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்கும் அதே குடும்பம். அதனால் பழைய பாட்டில்களை உருக்கி நூலாக்கி ஃப்ளீஸ் செய்கிறார்கள். படகோனியா நிறுவனம் 1993-லேயே அப்படி விற்பனைக்குக் கொண்டுவந்தது.

● பழைய கம்பளி உடையைக் கிழித்து, பஞ்சாக்கி, திரும்ப நூற்கும் வித்தையை 1813-ல் இங்கிலாந்தின் பாட்லி ஊரில் பெஞ்சமின் லா என்பவர் தொடங்கினார். இன்று அந்தத் தொழிலுக்கு உலகப் புகழ் பெற்ற ஊர் ஹரியானாவின் பானிபட். மேலைநாடுகளில் கழித்த கோட்டுகளும் ஸ்வெட்டர்களும் குஜராத்தின் காண்ட்லா துறைமுகம் வழியாக மூட்டை மூட்டையாக வருகின்றன. பெண்கள் உட்கார்ந்து பித்தானையும் ஜிப்பையும் வெட்டி எடுப்பார்கள். பிறகு நிறம் பிரிப்பார்கள். சிவப்பெல்லாம் ஒரு குவியல், நீலமெல்லாம் ஒரு குவியல். அப்படிப் பிரித்து நூற்பதால் சாயம் போடும் வேலையே மிச்சம். அந்த நூலில் நெய்த போர்வைகள்தான் வெள்ளம், நிலநடுக்கம் என்றால் நிவாரண லாரிகளில் நீண்ட காலம் முதலில் ஏறின.

இந்தப் பெண்களைப் பற்றி மேக்னா குப்தா 2012-ல் ‘அன்ராவல்’ என்ற ஆவணப்படம் எடுத்தார். இவ்வளவு நல்ல துணிகளை ஏன் தூக்கிப் போடுகிறார்கள் என்று அவர்கள் யோசிக்கிறார்கள். அந்த நாடுகளில் தண்ணீருக்கு விலை அதிகமோ, துவைக்க வழியில்லையோ என்று பேசிக்கொள்கிறார்கள். துணியை மதித்து வாழ்கிறவர்களுக்கு வேறு காரணம் தோன்றாது. பாலியஸ்டர் மிங்க் போர்வைகள் வந்த பிறகு பானிபட்டின் பல ஆலைகள் அவற்றுக்கு மாறிவிட்டன.

● 10 டிகிரிக் குளிரில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பைக் ஓட்டினால், முகத்துக்கும் கைக்கும் அது 6 டிகிரிபோல் உறைக்கும். காற்றுக் குளிர் என்ற இந்தக் கணக்கை அண்டார்டிகாவில் ஆராய்ந்து 1945-ல் வெளியிட்டவர்கள் பால் சைப்பிள், சார்லஸ் பேசல் இருவரும். 2001-ல் அமெரிக்காவும் கனடாவும் கணக்கைத் திருத்தின.

ஆக, ஸ்வெட்டர் மட்டும் போட்டுக்கொண்டு அதிகாலையில் பால் வண்டியோ பேப்பர் வண்டியோ ஓட்டுகிறவர்களுக்குப் பாதிப் பயன்தான் கிடைக்கிறது. காற்று ஸ்வெட்டரின் கண்கள் வழியே புகுந்து உள்ளே நிற்கும் காற்றைக் கலைத்துவிடும். மழைக்கு வாங்கிய ரெயின்கோட்டை அதற்கு மேல் போடுங்கள். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். பிரான்ஸின் சைக்கிள் பந்தய வீரர்கள் மலைச்சரிவில் இறங்குமுன் செய்தித்தாளை மடித்துச் சட்டைக்குள் மார்பில் வைத்துக்கொள்வார்கள். அதுவும் நன்றாகவே வேலை செய்யும்.

● தலை வழியாகத்தான் பாதிச் சூடு போகிறது என்பது உண்மையல்ல. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் போகிறது. 2008-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதை விளக்கி எழுதினார்கள். குல்லா வேண்டாம் என்று அர்த்தமில்லை. காது மறையும் குரங்குக் குல்லாதான் குறைந்த காசுக்கு அதிக இதம் தருவது.

● இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டால் கால் இன்னும் சில்லிடும். ரத்த ஓட்டமும் குறையும், காற்றுக்கும் இடமிருக்காது.

● கையுறையில் விரல்கள் தனித்தனியாக இருப்பதைவிட, நான்கு விரலும் ஒரே பையில் இருப்பது சூடானது.

● காஷ்மீரில் டிசம்பர் 21-லிருந்து 40 நாள் ‘சில்லை கலான்’. உச்சக் குளிர்க்காலம். அங்கே ஏழை பணக்காரர் எல்லோருக்கும் ஃபேரன்தான். முழங்கால் வரை தொளதொளவென்று தொங்கும் அங்கி. கையை உள்ளே இழுத்துக்கொள்ள வசதியாகத்தான் அவ்வளவு தாராளம். உள்ளே காங்கிரி: பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி, அதில் கரித்தணல். வீடு முழுவதையும் சூடாக்குவதற்குப் பதில் உடம்பை மட்டும் சூடாக்கும் சிக்கனம். ஆனால் ஆண்டுக்கணக்கில் தொடையிலும் வயிற்றிலும் சூடு பட்டால் தோல் புற்றுநோய் வரலாம். மூடிய அறையில் தணலை வைத்துக்கொண்டு தூங்கினால் கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுக்கும். நம் மலையூர்களில் கரியடுப்பை அறைக்குள் வைத்துப் படுப்பவர்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

● சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரி அல்லது அதற்குக் கீழே இறங்கி, வழக்கத்தைவிட 4.5 டிகிரி குறைந்தால் வானிலைத் துறை அதைக் குளிர் அலை என்கிறது. கடலோர ஊர்களுக்கு மட்டும் 15 டிகிரியே போதும். பழக்கமில்லாத உடம்பு எவ்வளவு குளிரைத் தாங்கும் என்பதும் கணக்கில் வருகிறது.

● தமிழக அரசு மலைப்பகுதி அரசுப் பள்ளிகளில் சத்துணவு சாப்பிடும் குழந்தைகளுக்கு விலையில்லா கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, பூட்ஸ், சாக்ஸ் தருகிறது. ஊட்டிப் பக்கம் தலைகுந்தாவிலும் காந்தலிலும் உறைபனி படிந்த காலையில் பள்ளிக்கு நடக்கும் பிள்ளைக்கு இது பெரிய உதவி. உங்கள் பிள்ளைக்கு வரவில்லை என்றால் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

● குளிருடை வாங்க உகந்த காலம் மார்கழி அல்ல, மாசி. சீசன் முடிந்து, மிச்சச் சரக்கை அடுத்த வருடம்வரை கிடங்கில் வைத்திருக்க வியாபாரிக்கு மனசு வராது. கனடா, பிரிட்டன் போகிறவர்களுக்கு வேறு கணக்கு. டொரண்டோவின் மைனஸ் 20-க்கு ஏற்ற ஜாக்கெட்டைச் சென்னையில் தேடி அலைய வேண்டாம். இங்கிருந்து தெர்மல் உள்ளாடையும் ஃப்ளீஸும் கொண்டுபோங்கள். மேல்கோட்டை அங்கே சால்வேஷன் ஆர்மி, வேல்யூ வில்லேஜ் போன்ற பழைய துணிக் கடைகளில் பாருங்கள். அந்தக் குளிருக்கென்றே செய்த கோட்டு அங்கேதான் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

● குறைமாதத்தில் பிறந்த குழந்தையைச் சூடாக வைத்திருக்க இன்குபேட்டர் போதாமல் தவித்தபோது, 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் டாக்டர் எட்கர் ரே ஒரு வழி கண்டார். குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு சேர்த்துக் கட்டிவிடுவது. கங்காரு பராமரிப்பு என்ற பெயரில் இன்று உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. அப்பாவும் செய்யலாம். தேவை ஒரு துணி, குழந்தைக்கு ஒரு குல்லா, சாக்ஸ்.

● பீரோவில் பாச்சை உருண்டை போட்டு வைத்த ஸ்வெட்டரையோ போர்வையையோ அப்படியே எடுத்துப் பச்சைக் குழந்தைக்குப் போர்த்தாதீர்கள். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு நாப்தலின் ஆவி ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடுமையான மஞ்சள்காமாலையைக் கொண்டுவரும். குறைபாடு இருப்பது பல பெற்றோருக்குத் தெரியவே தெரியாது. துவைத்து, வெயிலில் நன்றாக உலர்த்தி, வாசனை முழுவதும் போன பிறகே குழந்தைமேல் பட வேண்டும். பூச்சி அதிகம் அரிப்பது வியர்வையும் உணவுக்கறையும் படிந்த இடத்தைத்தான். துவைத்துக் காயவைத்து, காற்றுப் புகாத பையில் கட்டிவைத்தால் உருண்டையே தேவைப்படாது.

● டெல்லியில் அநாதைப் பிணங்களைச் சேகரித்து வண்டியில் ஏற்றிப் போகும் ஒருவரை இளம் பத்திரிகையாளரான அன்ஷு குப்தா சந்தித்தார். குளிர்காலத்தில் வேலை தாங்க முடியாத அளவு கூடிவிடும் என்றார் அந்த மனிதர். குளிர் தாங்காத இரவில் பிணத்தைக் கட்டிக்கொண்டு தூங்கிவிடுவேன் என்று அவருடைய சின்ன மகள் சொன்னாள். அந்த அநாதைகள் செத்தது குளிரால் மட்டுமல்ல, போர்த்திக்கொள்ளத் துணி இல்லாததால் என்பது அன்ஷுவின் மனதில் தைத்தது. தன் வீட்டு பீரோவிலிருந்த 67 துணிகளோடு தொடங்கினார். 1999-ல் அது ‘கூஞ்ச்’ அமைப்பானது. 2015-ல் அவருக்கு மகசேசே விருது. கூஞ்ச் துணியைத் தானமாகத் தருவதில்லை. ஊர் மக்கள் கூடிக் கிணறு வெட்டுவார்கள், பாலம் கட்டுவார்கள். அந்த உழைப்புக்குக் கூலியாகத் துணி வாங்கிப் போவார்கள்.

● நீங்கள் கொடுப்பதாக இருந்தால் ஐப்பசியிலேயே கொடுங்கள். பிரித்து, ஏற்றி, போய்ச் சேர வாரங்கள் ஆகும். ஜிப் ஓடுகிறதா, பித்தான் இருக்கிறதா என்று பார்த்து, துவைத்துக் கொடுங்கள். சாக்ஸை ஜோடியாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். ஒற்றை சாக்ஸ் யாருக்கும் உதவாது. எல்லோரும் குழந்தைத் துணியையும் புடவையையும் கொடுக்கிறார்கள். ஆண்களுக்கான ஸ்வெட்டரும் கனமான போர்வையும்தான் எப்போதும் குறைவாக வருகின்றன.